பெண்ணே போய்ப் பையனைக் கேட்கும் டான்ஸ்: புதிதாக வந்த பெற்றோருக்கு

முந்தாநாள் ஒரு அம்மா கேட்டிருந்தார்: சியாட்டில் பக்கம் வந்து நாலு மாதம்தான் ஆகிறது, பத்தாவது படிக்கும் மகள் தன் வகுப்புப் பையன் ஒருவனை டான்சுக்குக் கேட்கப் போகிறேன் என்கிறாள், அதுவும் போஸ்டர் எழுதி, நாலு பேர் பார்க்க, இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று. ஜனவரி பிறந்தாலே யாராவது இதைக் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் 'கேட்பது' என்ற சொல்லை விட்டு வெளியே வாருங்கள். நம் காதில் அது பெண் கேட்டு வருகிற மாதிரி விழுகிறது. இங்கே அதற்கு அந்த ஒரு சாயங்காலத்துக்கு யாரோடு போவது என்பது மட்டுமே பொருள். 'டேட்' என்று சொல்வார்கள்தான். சிலருக்கு அது நிஜமாகவே காதலாகவும் இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பையனைக் கேட்டு, போட்டோ எடுத்து, பீட்சா தின்று, மறு திங்கட்கிழமை பழையபடி ஹோம்வொர்க் கேட்பதோடு முடிகிறவையும் நிறைய.

பள்ளியில் பொதுவாக மூன்று டான்ஸ் வரும். செப்டம்பர், அக்டோபரில் கால்பந்து ஆட்டத்தை ஒட்டி ஹோம்கமிங் (அவர்கள் கால்பந்து, கையால் ஆடுவது). ஏப்ரல், மே வாக்கில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்கு ப்ராம். இடையில் குளிர்காலத்தில் வருவதுதான் பெண்கள் கேட்கும் டான்ஸ். எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் இதன் பெயர் டோலோ. வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவியர் கழகம் ஒன்றின் வழியாக வந்த பெயர், இந்தப் பக்கத்துப் பழைய சினூக் கலப்புமொழியில் வெல்வது என்று பொருள். சிகாகோ புறநகர்களில் டர்னபவுட் என்பார்கள், வேறு சில இடங்களில் ப்ராமைத் திருப்பிப் போட்டு மார்ப். நாடு முழுக்கத் தெரிந்த பழைய பெயர் சேடி ஹாக்கின்ஸ்.

அந்தப் பெயரின் கதை நம் ஊர் அப்பாக்களுக்கு நன்றாகவே புரியும். 1937 நவம்பரில் ஆல் கேப் வரைந்த 'லில் அப்னர்' படக்கதையில் வந்தது அது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் மகள் சேடி ஹாக்கின்ஸுக்கு 35 வயதாகியும் வரன் அமையவில்லை. பொறுமை இழந்த அப்பா, ஊரில் உள்ள கல்யாணமாகாத ஆண்களை எல்லாம் திரட்டி ஓடச்சொல்கிறார், பின்னால் மகள் துரத்த வேண்டும், யாரைப் பிடிக்கிறாளோ அவன்தான் மாப்பிள்ளை. கேலிக்காக எழுதியது, அதுவும் பெண்ணின் அழகைக் குத்திக்காட்டும் கேலி. ஆனால் இரண்டே வருடத்தில் 1939ல் 201 கல்லூரிகளில் இதைச் சேடி ஹாக்கின்ஸ் நாள் என்று கொண்டாடுகிறார்கள் என லைஃப் பத்திரிகை எழுதியது. பெண்களுக்கு வருடத்தில் ஒரு நாள் தாங்களே கேட்க ஒரு சாக்கு கிடைத்தது, பிடித்துக்கொண்டார்கள். இப்போதைய பெண்களுக்குச் சாக்கே வேண்டியதில்லை, ஹோம்கமிங்குக்கும் அவர்களே கேட்கிறார்கள். பல பள்ளிகளில் யாரும் யாரையும் கேட்கலாம் என்று மாற்றிவிட்டார்கள், பெண் பெண்ணைக் கேட்பதும் உண்டு, அதைக் கேட்டுத் தட்டைக் கீழே போடாதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். மகள் பத்தாவதில் சார்ட் பேப்பரும் மினுமினுப்புப் பேனாவும் கேட்டாள். சயின்ஸ் புராஜெக்ட் என்று நினைத்து நானே டாலர் ட்ரீயில் வாங்கி வந்து, தனிம அட்டவணைக் கட்டங்களை ஸ்கேல் வைத்து நேராகப் போட்டும் கொடுத்தேன். கடைசி வரியில் ஒரு பையன் பெயர் வந்தபோதுதான் உறைத்தது. அன்று ராத்திரி நான் பேசியதில் பாதியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள ஆசை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "பொண்ணே போய்க் கேக்கறதா?" என்று வாயில் கை வைத்தவர், மறுநாள் சாயங்காலம் அவள் பையைக் கழற்றும் முன்னே "என்னடி, அவன் என்ன சொன்னான்?" என்றார். எங்கள் வீட்டில் முதலில் கட்சி மாறியவர் அவர்தான்.

இனி நடைமுறை. போஸ்டரோடு பலர் முன்னால் கேட்பது பாதி நாடகம். பையன் சரி சொல்வானா என்று தோழிகள் மூலம் முன்பே தெரிந்துகொண்டுதான் கேட்பார்கள். உங்கள் மகள் அப்படி விசாரிக்காமல் குருட்டுத்தனமாகப் போகிறாள் என்றால் அப்போது மட்டும் நிறுத்துங்கள், தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கூட்டத்தின் நடுவில் கேட்டால் பையனுக்கும் மறுக்க வழியில்லை, அது அவனுக்கு அநியாயம். பையனைப் பெற்றவர்களுக்கும் ஒன்று: மறுக்க நினைத்தால் மரியாதையாக, அன்றே மறுக்கச் சொல்லுங்கள், அதை நண்பர்கள் குரூப்பில் போட்டுச் சிரிக்கக் கூடாது. யாரும் கேட்கவில்லை என்று முகம் வாடியிருந்தால் நண்பர்களோடு கும்பலாகப் போகச் சொல்லுங்கள், நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள்.

டோலோவில் கேட்டவர் டிக்கெட் எடுப்பது வழக்கம், இரண்டு டிக்கெட்டுக்கும் பணம் தயாராக வையுங்கள். வேறு பள்ளிப் பையன் என்றால் விருந்தினர் படிவம் உண்டு, அவன் பள்ளி நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டும், கடைசி நாளில் ஓடாதீர்கள். உடைக்குப் பெரிய செலவு தேவையில்லை, ஊரில் அத்தை கல்யாணத்துக்குத் தைத்த லெஹங்காவைப் போட்டுக்கொண்டு போன பெண்ணைச் சுற்றித்தான் அன்று கூட்டம்.

கார் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வாஷிங்டனில் 16, 17 வயதுக்காரர்கள் லைசென்ஸ் வாங்கிய முதல் 6 மாதம், குடும்பத்தினரைத் தவிர 20 வயதுக்குக் குறைந்த யாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது. 'அவன் கூட்டிட்டுப் போறான்' என்றால், லைசென்ஸ் எப்போது வாங்கினான் என்று தயங்காமல் கேளுங்கள். நாங்கள் இன்னொரு ஏற்பாடும் வைத்திருந்தோம்: மகளிடமிருந்து 'கறிவேப்பிலை வாங்கணுமா?' என்று மெசேஜ் வந்தால், நான் உடனே போன் போட்டுக் கோபமாக வீட்டுக்கு வரச்சொல்ல வேண்டும். பழி என் மேல், காரணமும் கேட்கக் கூடாது. ஒரே ஒரு முறை வந்தது. கேட்கவில்லை, நாலு நாள் கழித்து அவளே சொன்னாள்.

டான்சுக்கு முன்னால் யார் வீட்டிலாவது, பூங்காவிலாவது கூடிப் போட்டோ எடுப்பார்கள், பெற்றோரும் போகலாம். கட்டாயம் போங்கள், பையனின் பெற்றோரோடு பேசுங்கள். ஆனால் சொந்த ஊர் எது, அப்பாவுக்கு எந்தக் கம்பெனி என்று ஆரம்பித்தால் அது சம்பந்தம் பேசுவதாகிவிடும், மகள் ஒரு வாரம் உங்களோடு பேச மாட்டாள்.

ராத்திரி கூட்டிவரப் போகும்போது காரை விட்டு இறங்காதீர்கள். பிப்ரவரிக் குளிரில் லுங்கிக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் நின்ற ஒரு நண்பர் இன்றைக்கும் வீட்டில் பேச்சு வாங்குகிறார்.