211 வேண்டாம், 210 வாங்கு

கார்த்தி: சித்தப்பா, ஃபைபர் 100 எம்பிபிஎஸ் பிளான். போன்ல 95 வருது, என் லேப்டாப்ல 35 தாண்டல. வைஃபை கார்டை மாத்திடலாம்னு இருக்கேன். இன்டெல் ஏஎக்ஸ்211, ஆர்டர் போடட்டா?

சித்தப்பா: பொறு பொறு. லேப்டாப் வைஃபை லிஸ்ட்ல நம்ம ரவுட்டரோட 5ஜி பேரு தெரியுதா? மொபைல் 5ஜி இல்ல, வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை

கார்த்தி: இல்ல, இன்னொண்ணுதான்

சித்தப்பா: அப்ப வேகம் கம்மியான 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கிற கார்டு. பின்மூடியைக் கழட்டி போட்டோ அனுப்பு. முதல்ல பேட்டரி ஒயரை எடுத்துடு

அம்மா: டேய், வாரண்டி இருக்காடா?

கார்த்தி: போன வருஷமே முடிஞ்சுதும்மா

கார்த்தி: 📷

சித்தப்பா: நல்ல காலம்! புது கார்டுக்கு ரெண்டு ஆன்டெனா ஒயர் வேணும். கறுப்பு ஒயர் மாட்டியிருக்கு, வெள்ளை சும்மா டேப் ஒட்டிக் கிடக்கு பார். சிலதுல ரெண்டாவது ஆன்டெனா ஒயரே இருக்காது. சிலதுல கார்டையே போர்டோட சால்டர் பண்ணிடுவான்

மீனா: இது எஸ்எஸ்டி போடுற எம்.2 ஸ்லாட் தானே?

சித்தப்பா: அதே குடும்பம், காடி வேற இடத்துல. இந்தக் காடிக்கு ஈ கீன்னு பேரு, கார்டு அளவு 22க்கு 30 மில்லிமீட்டர்

சித்தப்பா: கார்த்தி, உன்னது ஏஎம்டியோட ரைசன் ப்ராசஸர் தானே? 211 அதுல ஓடாது. 201, 211 எல்லாம் பாதி வேலையை இன்டெல் சிப்செட் தலையில கட்டுற கார்டு. ஸ்லாட்ல அழகா உட்காரும், ஆனா சிஸ்டம் கண்டுக்கவே கண்டுக்காது. ஏஎக்ஸ்210 முழு கார்டு, ஏஎம்டிலயும் ஓடும்

கார்த்தி: நம்பர் பெருசுன்னா புதுசுன்னு நெனச்சேன். 40 ரூபா கம்மி வேற 😭

மீனா: வைஃபை 7 கார்டே வாங்கிடேன்

சித்தப்பா: ரவுட்டரே வைஃபை 5மா. அதுவும் இன்டெலோட வைஃபை 7 கார்டு பிஇ200ஐ ஏஎம்டில போட்டு முழிச்சவங்க நிறைய

*சனிக்கிழமை*

கார்த்தி: ஒயர் மாட்டவே 20 நிமிஷம். கடுகு சைஸ்ல ஒரு பட்டன், நகம் வச்சா நழுவுது

சித்தப்பா: நேர் மேல வச்சு அமுக்கு, டிக்னு கேட்கும். சாய்ச்சா நசுங்கிடும்

கார்த்தி: மாட்டியாச்சு. இப்ப வைஃபையே காணோம்!! டிரைவர் வேணுமாம். அதை இறக்க நெட் வேணுமாம்

மீனா: 😂😂

சித்தப்பா: போனை யூஎஸ்பில சொருகி டெதரிங் போடு, போன் நெட் லேப்டாப்புக்கு வரும்

கார்த்தி: வந்துடுச்சு! 5ஜி பேரு தெரியுது. ஹால்ல 92

அம்மா: ஸ்க்ரூ எல்லாம் என் ஊறுகாய் மூடியில கிடக்கு. மாட்டிட்டு சாப்பிட வா