பிக்கப் மாற்றுவது முதல் வேலையா, கடைசி வேலையா?

புதுத்தந்தி:
விலை குறைந்த ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை மின்கிட்டார். பிக்கப் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) மூன்று, எல்லாம் செராமிக் காந்தம் வைத்த சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). ஆறு ஸ்க்ரூ ட்ரெமொலோ (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கையால் அசைத்துச் சுருதியை ஆட்டும் அமைப்பு), 9-42 கம்பி செட் (மிக மெல்லியது 0.009, மிகத் தடித்தது 0.042 அங்குலம்). குறைகள் மூன்று. பிரிட்ஜ் பிக்கப் (பிரிட்ஜை ஒட்டியது) காதைக் குத்துகிறது. ட்ரெமொலோ கையை ஒருமுறை அமுக்கி விட்டால் மூன்றாம் கம்பி சுருதிக்குத் திரும்புவதில்லை. ஆம்ப்பில் கெயின் (பெருக்கம்) ஏற்றினால் இரைச்சல். இருக்கிற காசுக்கு ஆல்னிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்) பிக்கப் செட் ஒன்று வாங்கலாம், இல்லையென்றால் லாக்கிங் ட்யூனரும் (கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் முறுக்காணி) புது பிரிட்ஜும். எது முதலில்?

காந்தமுனை:
பிக்கப்தான், சந்தேகமே வேண்டாம். கம்பியின் அசைவு மின்சாரமாக மாறுகிற இடம் அது ஒன்றுதான். விலை குறைந்த செராமிக் பிக்கப்பைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒரு காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். மேலே தெரியும் ஆறு முனைகளும் வெறும் இரும்பு. ஆல்னிகோவில் அந்த ஆறு முனைகளே காந்தம். சுருளுக்குள் இரும்பு உட்கார்ந்தால் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவு) ஏறும், இரும்புக்குள்ளேயே சுற்றி வீணாகும் சுழல் மின்னோட்டத்தில் மேல் சுரங்களின் கூர்மை கரையும். நெக் பிக்கப்பில் (கழுத்துப் பக்கம் இருப்பது) ஸ்ட்ராட்டுக்கே உரிய அந்த மணியோசை வராததற்கு இதுதான் காரணம். நெக்கும் நடுவும் 5.8 முதல் 6.2 கிலோ ஓம், பிரிட்ஜ் 7 கிலோ ஓம் பக்கம் இருக்கிற செட்டாகப் பாருங்கள்.

ஈயக்குச்சி:
இரும்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அவர் கேட்டது மந்தத்துக்கு மருந்தில்லை, குத்தலுக்கு. கூர்மை கரைகிற பிக்கப் ஏன் குத்துகிறது என்பதற்கு உங்கள் பதிலில் விடை இல்லை.

விடை பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சில் இருக்கிறது. 1954-இல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலிருந்தே ஒரு டோன் (மேல் சுரங்களைக் குறைக்கும் திருகி) நெக்குக்கு, இன்னொன்று நடு பிக்கப்புக்கு, பிரிட்ஜுக்கு எதுவும் கிடையாது. அந்த முறையை நகலெடுத்த கிட்டார்களில் பிரிட்ஜ் பிக்கப் டோன் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர், திருகினால் மாறும் மின்தடை) சுமையே இல்லாமல் நேராக ஆம்ப்புக்குப் போகிறது. முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிரிட்ஜ் மட்டும் ஒலிக்கும் நிலையில் சுவிட்சை வைத்து இரண்டு டோன்களையும் பூஜ்ஜியத்துக்குத் திருகுங்கள். ஒலி மாறாவிட்டால் பழைய வயரிங்தான்.

சரிசெய்ய நான்கு சென்டிமீட்டர் வயர் போதும். ஐந்து நிலை சுவிட்சில் டோன் பக்கத்தில் நடு பிக்கப்புக்கான முனையில் வயர் இருக்கும், பிரிட்ஜுக்கான முனை காலியாக இருக்கும். இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் இரண்டாவது டோன் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும். டோனை 10-இலேயே வைத்திருந்தாலும் 250 கிலோ ஓம் சுமை சேர்வதால் உச்சி கொஞ்சம் அடங்கும். 7-க்கு இறக்கினால் குத்தல் போய்விடும்.

அடுத்து கேபிள். சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவு கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) இருக்கும். 2.3 ஹென்றி இண்டக்டன்ஸ் உள்ள பிக்கப், 6 மீட்டர் கேபிள், சுருளின் சொந்தக் கெபாசிட்டன்ஸுக்கு ஒரு 100 பிக்கோஃபாரட். கணக்குப் போட்டால் ஒத்ததிர்வு உச்சி (பிக்கப் மிக வலுவாக ஒலிக்கும் அதிர்வெண்) 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். அதே பிக்கப்பில் 3 மீட்டர் கேபிளைச் செருகினால் 5,200-ஐத் தாண்டும். எத்தனையோ பேர் பிக்கப் மாற்றிக் கேட்கிற வித்தியாசத்தை விட இது பெரிது.

காந்தமுனை:
டோனை இறக்கினால் குத்தலோடு உயிரும் சேர்ந்து போகும். மட்டமான மூலத்தை வடிகட்டி நல்லதாக்க முடியாது. நான் சொன்ன ஓம் கணக்கில் வாங்கினால் பிரிட்ஜில் சுற்று அதிகம், நடுச்சுரம் தடிக்கும், வடிகட்டவே தேவையிருக்காது.

ஈயக்குச்சி:
ஓம் எண்ணைப் பார்த்து பிக்கப் வாங்குவது எடையைப் பார்த்துப் புத்தகம் வாங்குவது மாதிரி. ஒரே எண்ணிக்கை சுற்றை 42 கேஜ் செம்புக் கம்பியில் சுற்றினால் ஒரு தடை, மெல்லிய 43-இல் சுற்றினால் அதைவிடக் கூடுதல் தடை. ஒலி அந்த விகிதத்தில் மாறாது. அது போகட்டும், செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரி அறையில் 6 கிலோ ஓம் காட்டிய பிக்கப் சென்னை மே மாத மதியத்தில், 35 டிகிரியில், 6.35 காட்டும். வெயிலில் வைத்து 'ஹாட் பிக்கப்' (கூடுதல் வலுவான பிக்கப்) ஆக்கிவிடலாம் போலிருக்கிறது. தயாரிப்பாளர் இண்டக்டன்ஸ் எண்ணைக் கொடுத்தால் அதைப் பாருங்கள், கூடவே காந்தம் எது என்று பாருங்கள்.

ஆறாம்கம்பி:
ரெண்டு பேரும் ஒலியப் பத்தியே பேசுறீங்க. சுருதி நிக்காத கிட்டாருக்கு எந்த பிக்கப் போட்டு என்ன? தம்பி, முதல்ல நட்டைப் பாரு, கழுத்து உச்சியில கம்பிங்க உட்காருற பள்ளம் வெட்டின துண்டு. மூணாவது கம்பியை மெதுவா ஏத்தி ட்யூன் பண்றப்ப 'டிங்'னு ஒரு சத்தம் வந்து சுருதி தாவுதா? அப்ப கம்பி நட் பள்ளத்துல மாட்டிக்குது. இன்னொரு சோதனை. ட்யூன் பண்ணிட்டு, நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவுல கம்பியை விரலால அமுக்கி விடு. சுருதி ஏறி அங்கேயே நின்னா குத்தம் நட்டுலதான்.

பள்ளம் கம்பியை விட 0.05 மில்லிமீட்டர் அகலமா இருக்கணும், தரை ட்யூனர் பக்கமா லேசா சரியணும். ஆழத்துக்கு ஒரு அளவு சொல்றேன். மூணாவது ஃப்ரெட்டை (கழுத்துக்குக் குறுக்கே இருக்குற உலோகக் கோடு) அமுக்கினா முதல் ஃப்ரெட்டுக்கு மேல காகிதம் நுழையுற இடைவெளி இருந்தா போதும். அதுக்கு மேல அறுத்தா சும்மா விட்ட கம்பி முதல் ஃப்ரெட்டுல தட்டி இரையும். தப்பா அறுத்துட்டா சமையல் சோடாத் தூளைப் பள்ளத்துல நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, காஞ்சதும் மறுபடி அறுக்கலாம். அறுக்குறதுக்கு முன்னாடி பென்சில் கரியைத் தேய்ச்சுப் பாரு, பல நேரம் அதுவே போதும்.

லாக்கிங் ட்யூனர் வேணாம். அது கம்பி மாத்துறதைச் சுலபமாக்கும், சுத்து வழுக்குறதை நிறுத்தும். நட்டுல மாட்டுற கம்பியை அது விடுவிக்காது. இப்ப இருக்குற ட்யூனர்லயே ரெண்டு மூணு சுத்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம கீழ்நோக்கிப் போனா போதும்.

ட்ரெமொலோவுல ஆறு ஸ்க்ரூவும் பிரிட்ஜ் தகட்டை இறுக்கிப் பிடிச்சிருந்தா பிரிட்ஜ் திரும்பி வரவே வராது. ஓரத்து ரெண்டும் தகட்டைத் தொட்டும் தொடாம நிக்கட்டும், நடு நாலையும் அரைச் சுத்து தளர்த்து. பின்னாடி மூணு ஸ்பிரிங், பிரிட்ஜோட பின்விளிம்பு உடலுக்கு மேல 3 மில்லிமீட்டர் மிதக்கணும். அந்த ரெண்டு ஸ்க்ரூ கழுத்துல துருவோ பள்ளமோ இருந்தா மாத்திடு, ரெண்டு ஸ்க்ரூ விலைதான்.

சும்மாவந்தேன்:
பிரிட்ஜுக்கு அடியில் ஸ்டீல் பிளாக் (கனமான உலோகக் கட்டை) போட்டால் சஸ்டெய்ன் (சுரம் நீடிப்பது) கூடுமாமே?

ஆறாம்கம்பி:
கூடுதா இல்லையாங்குறது அப்புறம், முதல்ல உள்ள நுழையணுமே. முழு ஸ்ட்ராட் உடல் 45 மில்லிமீட்டர் தடிமன், விலை குறைஞ்ச சில மாடல்ல 40-தான் இருக்கும். முழு நீள பிளாக் போட்டா முதுகுப் பக்கம் வெளிய துருத்திக்கும், பின் மூடியை மாட்ட முடியாது. ஸ்க்ரூ அளவும் அப்படித்தான். ஓரத்து ரெண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவுல பழைய அமெரிக்க அளவு 56 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, இப்ப பல கிட்டார்ல 52.5. அளக்காம பிரிட்ஜ் வாங்கினவன் மரத்துல ஓட்டையை அடைச்சுப் புதுசா துளைக்கணும்.

காந்தமுனை:
சரி, சுருதிக்கு நட்டே காரணமாக இருக்கட்டும். இரைச்சல்? அதற்கு பிக்கப் மாற்றாமல் வழியே இல்லை. ஒரே உறைக்குள் இரண்டு சுருளை அடுக்கிய நாய்ஸ்லெஸ் பிக்கப் போட்டால் தீர்ந்தது.

ஈயக்குச்சி:
எந்த இரைச்சல் என்று தெரியாமலா? இரண்டு வகை உண்டு. ஒன்று கீழ்சுரத்தில் வரும் 50 ஹெர்ட்ஸ் முனகல். ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் கிட்டாரைத் திருப்பத் திருப்பக் கூடிக் குறையும். அது காந்தப்புலம், எந்தத் தகடு ஒட்டினாலும் போகாது. அதற்கு நீங்கள் சொல்கிற இரட்டைச் சுருள்தான் மருந்து, ஒப்புக்கொள்கிறேன். மற்றது கரகரப்பான இரைச்சல். டிம்மர், எல்.இ.டி. விளக்கு, மொபைல் சார்ஜர் இவற்றிலிருந்து வரும், கம்பியைத் தொட்டால் குறையும். அதற்குக் கிட்டார் உடலின் குழி முழுக்கவும் பிக்கார்டின் (பிக்கப்களைத் தாங்கும் முன்பக்க பிளாஸ்டிக் தகடு) அடிப்பக்கமும் செம்புத் தகடு ஒட்டினால் போதும்.

தகட்டின் பசை மின்சாரம் கடத்துமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கடத்தாதென்றால் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு பொட்டு பற்றவைக்கும் ஈயம் வையுங்கள். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தால் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். தகட்டிலிருந்து வால்யூம் பாட்டின் முதுகுக்கு ஒரே ஒரு வயர். சுவிட்சின் முனையோ ஜாக்கின் நாக்கோ தகட்டைத் தொட்டால் ஒலியே வராது. ஆம்ப் பிளக்கின் எர்த் முனையை வெட்டி முனகலை நிறுத்தும் அதிபுத்திசாலித்தனம் மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று. நடு பிக்கப் மற்ற இரண்டுக்கும் எதிர்ச்சுற்று, எதிர்த்துருவமாக இருந்தால் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் 2-ஆம், 4-ஆம் நிலைகளில் முனகல் தானாகவே அடங்கும். செட்டில் ஒன்றை மட்டும் மாற்றுகிறவர்கள் இதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சின்னத் திசைகாட்டியை முனையருகே கொண்டுபோனால் எந்தத் துருவம் மேலே என்று தெரிந்துவிடும்.

புதுத்தந்தி:
எல்லாம் அளந்தேன். டோன் சோதனையில் பிரிட்ஜ் மாறவில்லை. கம்பியைத் தொட்டால் இரைச்சல் பாதிக்கு மேல் அடங்குகிறது. நட்டில் 'டிங்' சத்தம் வருகிறது. உடல் 40 மில்லிமீட்டர், ஸ்க்ரூ இடைவெளி 52.5. வால்யூம் பாட் 212 கிலோ ஓம். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி அளந்தால் நெக் பிக்கப்புக்கும் ஆறாம் கம்பிக்கும் 1.4 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு 1.2.

ஈயக்குச்சி:
212 சரிதான். 250 என்று அச்சிட்ட பாட்டில் 20 சதவீதம் அப்படி இப்படி இருக்கும், ஆக 200 முதல் 300 வரை எதுவும் வரலாம். பிக்கப்தான் கம்பிக்கு ரொம்ப நெருக்கம். ஃபெண்டர் பழைய வகை ஸ்ட்ராட் பிக்கப்புக்குச் சொல்லும் அளவு ஆறாம் கம்பியில் 2.4, முதல் கம்பியில் 2 மில்லிமீட்டர். செராமிக் பட்டையும் இரும்பு முனையும் இழுக்கும் இழுப்பு குறைவு, அதனால் 1.4-இலும் தப்பித்திருக்கிறீர்கள். இதே உயரத்தில் ஆல்னிகோ 5 முனைகளை வைத்தால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். ஆறாம் கம்பியை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் வாசித்தால் ஒரே சுரம் இரண்டாகக் கேட்கும், சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) எவ்வளவு நகர்த்தினாலும் இண்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது) பிடிபடாது. பழி புது பிக்கப்பின் மேல் விழும்.

காந்தமுனை:
ஆக, ஆல்னிகோ போடச் சொல்லி உயரமும் சொல்லிவிட்டீர்கள்! நான் சொன்னது மாறவில்லை. ஜம்பர் (அந்தத் துண்டு வயர்), தகடு, நட் எல்லாம் முடிந்த பிறகும் நெக் பிக்கப்பில் அந்த மணியோசை வராது, அப்போது திரும்பி இங்கேதான் வருவார். வரும்போது ஒரு எச்சரிக்கை. நல்ல பாட்டும் சேர்த்து வாங்கினால் அதன் கழுத்து 9.5 மில்லிமீட்டர், இந்த வகை பிக்கார்டில் ஓட்டை பெரும்பாலும் 8. ரீமரைக் (ஓட்டையைச் சுரண்டும் கருவி) கையால் சுற்றிப் பெரிதாக்குங்கள், டிரில் வைத்தால் பிளாஸ்டிக் வெடிக்கும். பாட் முதுகை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு 40 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், மூன்று நான்கு விநாடி. 25 வாட்டை வைத்து அரை நிமிடம் சுட்டால் ஒட்டும் ஒட்டாது, உள்ளே இருக்கும் கார்பன் தடமும் கருகும்.

ஆறாம்கம்பி:
அதெல்லாம் அப்புறம். தம்பி, நட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. 9-42-லயே இருக்கப் போறியா?

புதுத்தந்தி:
இல்லை அண்ணே, அடுத்த செட் 10-46 வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆறாம்கம்பி:
அதை முதல்லயே சொல்ல வேணாமா! அப்ப 10-46 மாட்டி, ஸ்பிரிங் கொக்கி ஸ்க்ரூவை இறுக்கி பிரிட்ஜை மறுபடி 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவா. ட்ரஸ் ராட் (கழுத்து வளைவைச் சரிசெய்யுற உள்கம்பி) பாரு. முதல் ஃப்ரெட்டுல கேப்போ (கம்பிங்களை அமுக்கிப் பிடிக்குற கிளிப்) போட்டு கடைசி ஃப்ரெட்டை அமுக்கினா எட்டாவது ஃப்ரெட்டுல 0.25 மில்லிமீட்டர் இருக்கணும். அதுக்கப்புறம் நட், அதுக்கப்புறம் இண்டொனேஷன். பிக்கப் உயரத்தை எல்லாத்துக்கும் கடைசியா அள. இப்ப அளந்து போட்ட 1.4, 1.2 ரெண்டையும் அழிச்சுடு.