எம்எக்ஸ்-5 கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்) பாதையை மாற்றியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. என் கார் 1.8 லிட்டர் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. டர்போ ஏற்றி, பெரிய அலுமினிய ரேடியேட்டரும் போட்டாச்சு. ரோட்டில் ஒரு தொல்லையும் இல்லை. செப்பாங் பந்தயத் தடத்தில் விரட்டினால்தான் வம்பு: பின்நேர்ப்பாதை முடிந்து 15ஆம் வளைவுக்குப் பிரேக் மிதிக்கும்போது கூலன்ட் வெப்ப மீட்டர் 110 டிகிரி காட்டுகிறது. மலேசிய வெயில் வேறு!

இந்த எஞ்சின் குடும்பம் முன்சக்கர ஓட்டக் கார்களில் குறுக்குவாட்டில் இருந்தது. எம்எக்ஸ்-5க்கு நீளவாட்டில் திருப்பியபோது, தண்ணீர் வெளியேறும் வாயை முன்பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். தண்ணீர் உள்ளே வருவதும் முன்பக்கம்தான்; அதனால் பின்கோடிக்கு ஓட்டம் குறைந்து, அங்கே இருக்கும் நாலாவது சிலிண்டர்தான் அதிகம் வேகிறது. இன்னும் பெரிய ரேடியேட்டர் போடச் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்ப தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) எஞ்சினின் பின்பக்கம் மாற்றியவர்கள் சொல்லுங்கள்: ஹோஸை இன்டேக் பக்கம் கொண்டுவந்தீர்களா, எக்ஸாஸ்ட் பக்கமா? எனக்கு ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஓரம் கையே நுழையவில்லை. அப்புறம், ஹீட்டர் ஹோஸை எங்கே சேர்த்தீர்கள்? படம் இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.