சிறையிலிருந்து வரும் பெண்கள் தங்க ஒரு வீடு: கடலூரில் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் நாங்கள் ஒரு மகளிர் சுய உதவிக் குழு. வேலூர் பெண்கள் தனிச்சிறையிலிருந்து விடுதலையாகி வரும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு, முதல் இரண்டு மூன்று மாதம் தங்க ஒரு வீடு ஏற்பாடு செய்யத் தை மாதத்திலிருந்து அலைகிறோம்.

கடைசியாக வந்த அக்கா கையில் ஒரு துணிப்பையும் விடுதலைச் சான்றும்தான் இருந்தது. ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள், ஆதாரில் இருந்த பழைய போன் நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது, ஓடிபி வராமல் வங்கிக் கணக்கைக்கூடத் திறக்க முடியவில்லை, பிறந்த வீட்டிலும் சேர்க்கவில்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தோம், ஆதார் வேலை நடக்கிறது. 181 பெண்கள் உதவி எண்ணுக்கும் பேசினோம். ஆதரவில்லாத பெண்கள் தங்க மத்திய அரசு நடத்தும் சக்தி சதன் திட்டத்தில் இவர்களுக்கும் இடம் உண்டு என்றார்கள், ஆனால் நாங்கள் போன இல்லத்தில் வழக்கு என்றதுமே முகம் மாறிவிட்டது. தண்டனை முடிந்த பிறகும் ஒரு பெண்ணை வாசலிலேயே நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

சரி, நாமே வாடகைக்கு எடுக்கலாம் என்றால், பெண்கள் விடுதிகளுக்கான 2014 சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், நாலைந்து பேர் தங்கலாம்.

கடலூரிலோ புதுச்சேரியிலோ இப்படி நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: சுய உதவிக் குழு பெயரிலேயே உரிமம் வாங்க முடியுமா, இல்லை அறக்கட்டளை பதிந்தே ஆக வேண்டுமா?