பழைய அனலாக் சிந்த்: மூடி போட்டதும் மேல் ஸ்தாயி இறங்குகிறது, உதவி தேவை

வணக்கம். இரண்டு ஆஸிலேட்டர் (ஒலியை உருவாக்கும் சுற்று) கொண்ட பழைய மோனோ சிந்த் (ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் சிந்தசைசர்) ஒன்றை மேடைக்குத் தயார் செய்கிறோம். முதல் ஆஸிலேட்டரில் குறையில்லை, சிக்கல் இரண்டாவதில்.

மூடியைத் திறந்து வைத்து 30 நிமிடம் சூடேற்றி, ஸ்கேல் ட்ரிம்மரை (ஸ்தாயி இடைவெளியைத் திருத்தும் சிறு திருகு) சரிசெய்தால் நான்கு ஸ்தாயியும் சுத்தமாக நிற்கிறது. மூடி போட்டு 20 நிமிடத்தில், கீழ் ஸ அப்படியே இருக்க, நான்கு ஸ்தாயி மேலே 15 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்) இறங்கிவிடுகிறது. ஒலிப்பதிவில் ஒவ்வொரு டேக்குக்கும் திருத்திக்கொள்ளலாம், மேடையில் முடியாதே!

பார்த்தவை: சப்ளை +15.01, -14.98 வோல்ட், சூடான பிறகும் மாறவில்லை. கீபோர்டு சிவி (சுரத்தைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டு மின்னழுத்தம்) ஸ்தாயிக்குச் சரியாக 1 வோல்ட். கீ கான்டாக்டுகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. மேல் ஸ்தாயிகளைத் திருத்தும் உயர் அதிர்வெண் ட்ரிம்மரைத் தொடவில்லை. அந்தக் குறை என்றால் குளிர்ந்த நிலையிலும் தெரிந்திருக்கும்.

எங்கள் சந்தேகம், சிவியை ஆஸிலேட்டருக்கான மின்னோட்டமாக மாற்றும் எக்ஸ்போனென்ஷியல் கன்வெர்ட்டர் மீதுதான். அதிலுள்ள டிரான்சிஸ்டர் ஜோடி 1 டிகிரி சூடானால் ஸ்கேல் சுமார் 0.33% சுருங்கும், நான்கு ஸ்தாயிக்கான 4800 சென்ட்டில் அது 16 சென்ட். ஆக, இந்தச் சுருக்கத்தை ஈடுசெய்ய வேண்டிய, வெப்பத்துக்கேற்ப மதிப்பு மாறும் டெம்ப்கோ ரெசிஸ்டர், ஜோடியைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி பின்தங்குகிறது. இரண்டுக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகிக் கிடக்கிறது.

கேட்க வேண்டியது: பேஸ்ட்டைப் புதுப்பித்து இறுக்கிக் கட்டினாலே போதுமா, அல்லது 3300 பிபிஎம் (டிகிரிக்கு 0.33%) டெம்ப்கோவையே மாற்ற வேண்டுமா? ஜோடியையும் மாற்றியவர்கள் பழைய தனித்தனி டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் ஒரே சில்லில் உள்ள ஜோடியைப் போட்டீர்களா? கால்கள் பொருந்தினவா?