தூண்டில் போட்ட இடத்தில் நீர்நாய்கள்: உங்கள் அனுபவம் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் விடியற்காலையில் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் தக்கை அசையவே இல்லை. திடீரென்று இருபதடி தள்ளி வரிசையாகக் குமிழிகள். பின்னாலேயே ஒரு தலை. மீசையில் தண்ணீர் சொட்ட என்னையே பார்த்தது. அப்புறம் இன்னும் மூன்று. நீர்நாய்கள்! தூண்டிலை மெதுவாக இழுத்துக்கொண்டேன். ஒன்று பாறை மேல் ஏறி, மீனை முன்னங்கால்களில் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து தின்றது. முள் நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. மூச்சுவிடக்கூடத் தயங்கினேன்.

நடுவில் ஒன்று விசில் போல நீளமாகக் கத்தியது. அது எனக்கு எச்சரிக்கையா, குட்டியைக் கூப்பிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுநாள் அதே பாறையில் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் கிடந்தது. நீர்நாய்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிட்டு அடையாளம் வைப்பவை. அதனால் மறுபடியும் வரும் என்று நம்புகிறேன். என் கவலையே அதுதான். பக்கத்துப் புதரில் யாரோ விட்டுப்போன நைலான் நரம்பு, தூண்டில் முள்ளோடு சிக்கிக் கிடந்தது. எடுத்துச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் நான் அங்கே தொடர்ந்து மீன் பிடிக்கலாமா, இடத்தை மாற்றிக்கொள்வதுதான் சரியா? தூண்டில் போடும்போது நீர்நாய் பக்கத்தில் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? குட்டிகளோடு பார்த்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.