எட்னா சாம்பலால பீலி அடைக்குது, உதவி தேவை

வணக்கம் உறவுகளே. சிசிலியில, எட்னா எரிமலையின்ர கிழக்குப் பக்கம் ஜார்ரேக்குக் கிட்ட இருக்கிறம். மலை குமுறினா கூரையில கறுத்தச் சாம்பலும் சிறுகல்லும் கொட்டும். 2021இல கொட்டினதை இஞ்ச ஒருத்தரும் மறக்கேல்லை. பழைய வீடு, சுட்ட மண் ஓடு, கூரை விளிம்பில மழைத்தண்ணியை ஏந்துற தகரப் பீலி.

சாம்பல் பீலியை அடைக்க, மழைத்தண்ணி ஓட்டுக்குக் கீழால திரும்பிச் சுவருக்குள்ள இறங்குது. போன மாரியில இருந்து வடக்குச் சுவர் ஒரே ஈரம், பூச்சு உதிருது.

பீலிக்கு மேல வலை போட்டம்: கல்லு நிக்குது, மாச்சாம்பல் உள்ள போகுது. ஹோஸ் பிடிச்சுக் கழுவினம்: இறங்கு குழாய்க்குள்ள சீமெந்து மாதிரி இறுகிட்டுது. இப்ப லேசாத் தண்ணி தெளிச்சு, வாரிச் சாக்கில கட்டுறம். (மாஸ்க் இல்லாம ஏறாதேங்கோ, அதில கண்ணாடித்தூள் கிடக்கு.) ஈரச்சாம்பல் பொல்லாத பாரம், 1991இல பிலிப்பைன்ஸில பினாட்டுபோ எரிமலை குமுறேக்க கனக்கக் கூரையள் விழுந்தது மழையில நனைஞ்ச சாம்பலாலதான்.

மேசன் பீலியைப் பெரிசாக்கச் சொல்லுறார். எனக்கு நம்பிக்கையில்லை, பெரிசெண்டா இன்னும் கூடச் சாம்பல்தானே நிக்கும்.

பீலியைக் கழட்டிப்போட்டு, ஓட்டு விளிம்பை வெளியால நீட்டி, தண்ணியை நேரா நிலத்தில விழ விட்டா சுவர் தப்புமோ? செய்து பார்த்தவை சொல்லுங்கோ.